திரையில் நின்றுபோன சாலை

நான் பிளாட்ஃபார்ம் போடுகிற வேலையில் சேர்ந்திருக்கிறேன் என்று சொன்னதும் அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. தி. நகரில் துணிக்கடை வைத்திருப்பவருக்குப் பிளாட்பாரம் என்றால் ஒன்றுதான். கடை வாசலை மறித்து நின்று நைட்டியும் கர்ச்சீப்பும் கூவி விற்பவர்களின் இடம் அது. இன்ஜினியரிங் படிக்க வைத்த மகள் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறாளா என்று அவர் ஒரு கணம் நிஜமாகவே திகைத்திருக்க வேண்டும்.

விளக்கிச் சொன்னேன். வெளிநாட்டில் ஒரு நிறுவனம் லாரிகளிலும் கார்களிலும் முன்கண்ணாடிக்குப் பின்னால் சின்னதாக ஒரு கேமரா வைக்கப் போகிறது. சாலையில் போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டை அது பார்த்துக்கொண்டே வரும். ஓட்டுகிறவர் கண்ணயர்ந்து வண்டி கோட்டைத் தாண்டினால் சத்தம் கொடுத்து எழுப்பும். கோட்டைக் கண்டுபிடிக்கிற கணக்கெல்லாம் அவர்களுடையது. அந்தக் கணக்கு ஓடுவதற்கு அடியில் ஒரு மென்பொருள் வேண்டும். போர்டு என்கிற மின்னணுப் பலகையை எழுப்பி உட்கார வைப்பது, கேமராவிடமிருந்து படத்தை வாங்குவது, நேரம் தவறாமல் மேலே கொடுப்பது எல்லாம் அதன் பொறுப்பு. அதற்குப் பெயர்தான் பிளாட்ஃபார்ம்.

"அப்ப நீ தளம் போட்டுக் குடுக்கே. வீடு கட்டுதது அவுக. அப்படித்தானே?" என்றார் அப்பா. அவர் திருநெல்வேலிப் பக்கத்தை விட்டு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் பேச்சு மட்டும் ஊரை விட்டு வரவில்லை. அப்படித்தான் என்றேன். அதன் பிறகு கடைக்கு வருகிறவர்களிடம், மகள் காருக்குத் தளம் போடுகிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

தொண்ணூறுகள் முடியப்போகிற சமயம் அது. அலுவலகம் என்று சொன்னால் அபிராமபுரத்தில் ஒரு வீட்டின் மாடி. எங்கள் முதலாளி அதே வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்தார். அரசாங்க ஆய்வுக்கூடம் ஒன்றில் நல்ல பதவியில் இருந்தவர், நாற்பது வயதைத் தாண்டிய பிறகு அதை உதறிவிட்டுச் சொந்தமாகத் தொடங்கியிருந்தார். மின்னணுப் பலகைகளில் அவருக்குத் தெரியாதது இல்லை. மென்பொருளை என்னிடம் விட்டுவிட்டார். கீழே அவருடைய மனைவி குழந்தைகளுக்கு வீணை சொல்லிக் கொடுப்பார். சரளி வரிசை திரும்பத் திரும்ப மாடிப்படி ஏறி வரும். ஒரு குழந்தை ஒரே இடத்தில் தடுமாறும்போதெல்லாம் எனக்கும் கை நின்றுவிடும்.

அந்த வேலை முழுக்க என்னோடு இருந்தது பயம்தான். முதல் பயம் போர்டைப் பற்றியது. வெளிநாட்டுக்காரர்கள் அனுப்பியது ஒரே ஒரு போர்டு. சுங்கத்தில் வாரக்கணக்கில் கிடந்து, முதலாளி மீனம்பாக்கத்துக்கு நடையாய் நடந்து மீட்டு வந்தது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதாக, பச்சையாக இருந்தது. அது கருகினால் வேறு கிடையாது. வறண்ட நாட்களில் நான் புடவை கட்டிக்கொண்டு போவதையே நிறுத்திவிட்டேன். நாற்காலியிலிருந்து எழும்போது துணி உரசிக் கிளம்பும் மின்சாரம் விரல் வழியாகச் சில்லுக்குள் இறங்கிவிடும் என்று பயம். மணிக்கட்டில், உடம்பின் மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கிவிடும் கம்பிப் பட்டை கட்டியிருப்பேன். ஆனாலும் தொடுவதற்கு முன் ஜன்னல் கம்பியை ஒருமுறை பிடித்துக்கொள்வேன். மின்சாரம் ஏறி இறங்கும்போது ஸ்டெபிலைசர் டக்கென்று சத்தம் போடும். உடனே குனிந்து கருகல் வாசனை வருகிறதா என்று முகர்ந்து பார்ப்பேன்.

போர்டு முதன்முதலாகப் பேசியது ஒரு வெள்ளிக்கிழமை காலை. கணினித் திரையில் ஓர் ஓரத்தில் ஒரு எழுத்து வந்தது, அவ்வளவுதான். முதலாளி கீழே ஓடிப்போய் மனைவியை அழைத்து வந்து காட்டினார். அந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு, இவ்வளவு நாள் இதுக்குத்தானா என்று கேட்காமல், காபி போட்டுக் கொண்டுவந்தார். அதற்கப்புறம் கேமரா. கறுப்பு வெள்ளைப் படம் முதலில் கிழிந்து கிழிந்து வந்தது, பிறகு தலைகீழாக வந்தது, கடைசியில் எதிர்வீட்டு முருங்கைமரமும் மின்கம்பமும் அசையாமல் தெளிவாக நின்றன.

மேசை மேல் எல்லாம் சரியாக ஓடியது. சாலையில் ஓட வேண்டும். எங்களிடம் வண்டி கிடையாது. முதலாளியிடம் இருந்தது ஒரு ஸ்கூட்டர். நான் அப்பாவிடம் கேட்டேன். கடைக்குத் துணி மூட்டை ஏற்றிவரும் மாருதி வேன் இருந்தது. அப்பா உடனே சரி என்று சொல்லவில்லை.

"ஆடி பொறக்கதுக்கு முன்ன வண்டி வந்துரும்லா?" என்றார். ஆடித் தள்ளுபடி என்றால் தி. நகர் தாங்காது. அந்த மாதத்தில் வேன் இல்லாமல் அவருக்குக் கை ஒடிந்த மாதிரி. வந்துவிடும் என்று வாக்குக் கொடுத்தேன். இரண்டாவது பயம் அன்றைக்குத் தொடங்கியது.

வேனோடு அதை ஓட்டுகிறவரும் வந்தார். ஆதம்பாக்கத்தில் குடியிருப்பவர், நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து எங்கள் கடையில் இருப்பவர். நான் அவரை அண்ணா என்பேன், அவருக்கு நான் எப்போதும் பாப்பா. முன்கண்ணாடியில் கேமராவை ஒட்டுவதை அவர் சந்தேகமாகப் பார்த்தார். இது தன்னைப் பற்றி அப்பாவிடம் கோள் சொல்லுமா என்று கேட்டார். சொல்லாது, கோட்டை மட்டும்தான் பார்க்கும் என்றேன். எந்தக் கோடு என்றார்.

நியாயமான கேள்விதான். மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் தெருத்தெருவாகச் சுற்றியும் வெள்ளைக் கோடு என்று ஒன்று கிடைக்கவில்லை. யாராவது பெரிய தலைவர் வரப்போகிறார் என்றால் போடுவார்கள், அடுத்த மழையில் போய்விடும். கடைசியில் கடற்கரைச் சாலையிலும், அடையாறில் சர்தார் படேல் சாலையின் ஒரு பகுதியிலும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி கோடு இருந்தது. காலை நேரத்தில் கூட்டம் சேர்வதற்கு முன் அங்கே போய் ஓட்டிப் பார்ப்போம். முதலாளி முன் இருக்கையில், நான் பின்னால் தரையில் ஜமக்காளம் விரித்து. என் மடியில் ஒரு சின்ன டிவி. கேமரா பார்ப்பது அதில் தெரியும், கண்டுபிடித்த கோட்டின் மேல் ஒரு வெள்ளைப் புள்ளி வரிசை ஓடும். பள்ளத்தில் வண்டி இறங்கும்போது நான் டிவியைப் பிடிப்பதா போர்டைப் பிடிப்பதா என்று தவிப்பேன்.

வெளிநாட்டிலிருந்து அவர்களுடைய பொறியாளர் ஒருவர் நேரில் வந்து பார்ப்பதாக ஃபேக்ஸ் வந்தது. திங்கட்கிழமை வருகிறார். அவர் பார்த்துவிட்டுச் சொல்வதை வைத்துத்தான் வேலை தொடருமா இல்லையா என்று தெரியும். முதலாளி மாடி அறைக்கு வெள்ளையடித்தார். வாசலுக்கு ஒரு புதிய பெயர்ப்பலகை வந்தது.

அதற்கு முந்தைய சனிக்கிழமை காலை கடைசி ஒத்திகை. அடையாறு பாலம் தாண்டி சர்தார் படேல் சாலையில் போய்க்கொண்டிருந்தோம். மடியிலிருந்த திரையில் சாலை காலியாக நீண்டு கிடந்தது. இரண்டு பக்கமும் மரம், நடுவில் கோடு, கோட்டின் மேல் அழகாகப் புள்ளிகள். இவ்வளவு ஒழுங்காக அது ஒருநாளும் ஓடியதில்லை. முதலாளியிடம் அதைச் சொல்ல நிமிர்ந்தேன்.

கண்ணாடிக்கு வெளியே சாலை காலியாக இல்லை. சைக்கிளில் ஒரு பள்ளிக்கூடப் பெண், இரட்டைப் பின்னல், கேரியரில் பை, எங்களுக்கு நேர் முன்னால் சாலையைக் கடந்துகொண்டிருந்தாள். அண்ணா ஏற்கெனவே வேகத்தைக் குறைத்திருந்தார். அவருக்கு அது ஒரு விஷயமே இல்லை. ஒரு ஹாரன் கொடுத்தார், அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனாள். நான் திரையைப் பார்த்தேன். அதில் இன்னும் காலிச் சாலை. அவள் அதில் வரவே இல்லை. வண்டி இப்போது ஏறக்குறைய நின்றிருந்தது, ஆனால் அதற்கு முன்பும் திரையில் சாலை நகர்ந்துகொண்டிருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எத்தனை நேரமாக அந்தப் பழைய படத்தையே அது பார்த்துக்கொண்டு வந்தது என்று தெரியவில்லை. பழைய படத்தில் பழைய கோட்டைக் கண்டுபிடித்து, எல்லாம் சரியாக இருக்கிறது, வண்டி நேராகப் போகிறது என்று சொல்லிக்கொண்டே வந்திருக்கிறது.

"இன்னா பாப்பா, மூஞ்சி இப்டி வெளுத்துகினு கீது?" என்று அண்ணா கண்ணாடியில் பார்த்துக் கேட்டார். "அந்தப் பொண்ணு தூரத்துலயே தெர்ஞ்சிச்சு. நான் பாத்துகினுதான் வந்தேன்."

அவர் பார்த்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இந்தக் கேமரா பிரேக் போடுவதில்லை, வண்டியைத் திருப்புவதில்லை, அந்தப் பெண்ணுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று புத்திக்குத் தெரிந்தது. ஆனால் இது போய் உட்காரப் போவது தூக்கத்தில் கண் சொருகுகிற ஒருவரின் வண்டியில். அவர் இதை நம்பி இருப்பார். இதுவோ பார்வை போனதைச் சொல்லாமல், பார்க்கிற மாதிரியே உட்கார்ந்திருக்கும். கையில் வியர்த்து டிவி வழுக்கியது.

மின்சாரத்தை நிறுத்தித் திரும்பக் கொடுத்ததும் சரியாகிவிட்டது. அதன் பிறகு எவ்வளவு ஓட்டியும் அது மறுபடி வரவில்லை. வராதது என் பயத்தை அதிகமாக்கியது. வந்தால் பிடித்துவிடலாம்.

மாடிக்குத் திரும்பியதும் முதலாளியிடம், திங்கட்கிழமை அந்தப் பொறியாளர் வந்ததும் இதைச் சொல்லிவிடலாம் என்றேன். அவர் ஜன்னலைப் பார்த்தபடி நின்றார்.

"ஒரே ஒரு தடவை வந்தது. நீ அதையே நெனைச்சுண்டு இருக்காதே. அவன் இருக்கப்போறது ஒரு நாள். அன்னிக்கு வரணும்னு என்ன இருக்கு?"

"வராமலும் போகலாம் சார். ஆனா வந்தா, வந்துதுன்னே நமக்குத் தெரியாது. அதுதான் சார் பயமா இருக்கு."

அவர் என்னைத் திட்டவில்லை. வேலையை விட்டுவிட்டு வந்த நாளிலிருந்து சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களுக்குப் போவதையே குறைத்துவிட்டதாகச் சொன்னார். எல்லோரும் எப்படிப் போகிறது என்று கேட்கிறார்களாம். இந்த ஒரு வேலை நின்றுவிட்டால் அவர்களிடம் என்ன சொல்வது என்று கேட்டார். கீழே வீணை வகுப்பு முடிந்து குழந்தைகள் செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு நாள் போதாது, ஆனால் படம் பழசாகிவிட்டது என்று அதுவே சொல்லும்படி செய்ய ஒரு நாள் போதும் என்றேன். கேமரா தருகிற ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரிசை எண் போடுவது. எண் மாறாமல் அதே படம் திரும்பத் திரும்ப வந்தால் கோடு சொல்வதை நிறுத்திவிட்டுத் திரையைக் கறுப்பாக்குவது, ஒரு சிவப்பு விளக்கை எரிய விடுவது. முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. வருகிறவர் முன்னால் திரை கறுப்பாகி விளக்கு எரிந்தால் அதைவிட அவமானம் வேறு இல்லை என்றார். படம் நின்றால்கூட அவர் கவனிக்காமல் போக வாய்ப்பு உண்டு, விளக்கு எரிந்தால் கவனிக்காமல் இருக்க முடியாது என்றும் சொன்னார். அதனால்தான் சார் விளக்கு வேண்டும் என்றேன்.

"உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுக் கீழே போனார். படியில் பாதி இறங்கி நின்று, விளக்குக்கான ஒயரைத் தானே வைத்துத் தருவதாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த மாடியில்தான் கிடந்தேன். நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றை, விருந்தாளி வருவதற்கு முந்தைய நாள், பிரித்துத் திரும்பக் கோப்பது. மத்தியானம் மின்சாரம் போய் யு.பி.எஸ். கத்த ஆரம்பித்தது. சேமிக்காமல் விட்டது ஏதாவது உண்டா என்று யோசிக்கக்கூட மூளை ஓடவில்லை. முதலாளி எதிர் மூலையில் உட்கார்ந்து விளக்குக்குக் கம்பி பற்றவைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி தயிர்சாதமும் மாவடுவும் கொண்டுவந்து வைத்துவிட்டு, இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுப் போனார். சாயங்காலம் மின்சாரம் வந்து, கேமராவின் கம்பியை நான் பிடுங்கியபோது திரை கறுத்து, சிவப்பு விளக்கு எரிந்தது. திரும்பச் செருகினாலும் படம் தானாக மீளவில்லை, நிறுத்திப் போட வேண்டியிருந்தது. அதைச் சரிசெய்ய நேரமில்லை. அவசரத்தில் கை வைத்து இதையும் கெடுத்துவிடுவேன் என்று விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை வந்தவர் உயரமாக, வெயிலில் சிவந்துபோய், கையில் கைக்குட்டையோடு இருந்தார். மரியாதையாகப் பேசினார். மாடியில் எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு வேனில் முன் இருக்கையில் ஏறினார். முதலாளி என்னோடு பின்னால் ஜமக்காளத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை, இஸ்திரி கசங்குவதைப் பற்றிக் கவலைப்படவில்லை. அண்ணா அன்றைக்கு நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தார்.

மந்தைவெளி வழியாகப் போய் சாந்தோம் சாலையைப் பிடித்தோம். எல்லாம் ஓடியது. கடற்கரைச் சாலையில் புள்ளி வரிசை கோட்டை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தது. வந்தவர் திரும்பி, திரையைப் பார்த்துத் தலையசைத்தார். முதலாளி மெதுவாக மூச்சு விட்டது என் தோளருகே கேட்டது. திரும்பி வரும்போது சாந்தோமில் சாலையைத் தோண்டிச் சரியாக மூடாமல் விட்டிருந்த இடத்தில் வண்டி ஒருமுறை தூக்கிப் போட்டது. திரை கறுத்தது. டாஷ்போர்டில், வந்தவரின் கண்ணுக்கு நேராக, சிவப்பு விளக்கு எரிந்தது.

முதலாளி என்னைப் பார்க்கவில்லை, தன் முழங்காலைப் பார்த்தார். வந்தவர் இது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் சொல்ல ஆரம்பித்தேன், என் ஆங்கிலம் பாதியில் திக்கியது. கேமராவிடமிருந்து புதிய படம் வருவது நின்றுவிட்டது, ஏன் என்று இன்னும் எங்களுக்குத் தெரியாது, ஆனால் நின்றுவிட்டது என்பது அதற்குத் தெரியும் என்றேன். வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னார்.

நிறுத்திய இடத்தில் வெயில் தகரத்தைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தது. அவர் பின்னால் வந்து குனிந்து, நிறுத்திப் போடச் சொன்னார். படம் வந்தது. கேமராவின் கம்பியைத் தானே பிடுங்கினார். விளக்கு எரிந்தது. மறுபடி போடச் சொன்னார், மறுபடி பிடுங்கினார். லென்ஸைக் கையால் மூடினார். விளக்கு எரியவில்லை. படம் இருட்டாக இருந்தாலும் புதிதாக வந்துகொண்டுதானே இருக்கிறது என்று விளக்கினேன். அவர் அதைத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது, அவர் நிறுத்துவதாக இல்லை. நான் தேர்வு எழுதுகிறவள் போல ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். சிலவற்றுக்குத் தெரியாது என்றேன். சரி, தவறு என்று அவர் முகம் ஒன்றும் காட்டவில்லை. ஹோட்டலுக்குத் திரும்பும்போது கை குலுக்கிவிட்டு, எழுதுகிறோம் என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு காத்திருப்பு. ஃபேக்ஸ் இயந்திரம் கிர்ரென்று தொடங்கும்போதெல்லாம் இருவரும் எழுந்து நிற்போம். பெரும்பாலும் யாரோ தவறாக எண் போட்டது. ஆடி பிறப்பதற்கு முன் வேனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எப்படிப் போயிற்று என்று அப்பா கேட்டார். தெரியவில்லை என்றேன். கடையில் அன்று அவர் யாரிடமும் தளம் பற்றிப் பேசவில்லை என்று அண்ணா பிறகு சொன்னார்.

அந்த நாட்களில் முதலாளி என்னிடம் கோபமாக இருக்கிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலை போனபோது அவர் கேமராவின் கம்பி முனையைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்து, ஒரு பென்சிலால் தட்டிக்கொண்டிருந்தார். அருகே வரச் சொன்னார். தட்டும்போது முனையிலிருந்த இணைப்பு முள் ஒன்று மயிரிழை அளவு விலகி, உடனே ஒட்டிக்கொண்டது. வண்டி குலுங்கும்போது அந்த ஒரு கணத்தில் கேமரா பேச்சு அறுந்துவிடுகிறது. போர்டில் நான் எழுதியிருந்த பகுதி, அறுந்த பேச்சு அதே இடத்திலிருந்து தொடரும் என்று காத்துக்கொண்டு நின்றுவிடுகிறது. மேலே இருக்கிற அவர்களுடைய கணக்கோ, கடைசியாகக் கிடைத்த படத்தையே எடுத்து எடுத்துப் பார்க்கிறது.

"பாதி தப்பு உன்னோடது, பாதி என்னோடது" என்றார். பென்சிலைக் கீழே வைத்தார். "அன்னிக்கு அந்த லைட்டு இல்லேன்னா அவன் எல்லாம் சரின்னு கைகொடுத்துட்டுப் போயிருப்பான். நானும் சந்தோஷமா தூங்கிண்டு இருப்பேன்."

பாராட்டினாரா நொந்துகொண்டாரா என்று எனக்கு விளங்கவில்லை. அவர் முள்ளை மாற்றினார். நான் காத்து நிற்கிற அந்தப் பகுதியைத் திருத்தி எழுதினேன். ஆய்வுக்கூடத்தில் கற்ற வழக்கமோ என்னவோ, ஒரு பழைய மிக்ஸியின் மேல் மரப்பலகையைக் கட்டிக் கேமராவை அதில் வைத்து நாள் முழுக்கக் குலுக்க விட்டார். கீழே வீணை சொல்லிக் கொடுக்க முடியவில்லை என்று அவர் மனைவி இரண்டு நாள் வகுப்பை நிறுத்திவைத்தார்.

ஃபேக்ஸ் ஒரு மத்தியானம் வந்தது. முதலாளி தாள் முழுதாக வெளியே வரும் முன்பே குனிந்து படித்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து என்னிடம் நீட்டினார். வேலை தொடர்கிறது. இன்னும் போர்டுகள் அனுப்புகிறார்கள். சிவப்பு விளக்குக்கான பகுதியை அவர்களுடைய மற்ற வண்டிகளுக்கும் வைத்துக்கொள்ள விரும்புகிறார்கள். இதையெல்லாம் வேகமாகத் தாண்டி என் கண் கடைசிப் பத்திக்குப் போயிற்று. அங்கே வந்தவர் தன் கையெழுத்தில் ஒரு கேள்வி சேர்த்திருந்தார். விளக்கு எரிகிறது, சரி, அந்த பல்பே பழுதாகியிருந்தால்?

முதலாளி சிரித்தார், பல மாதங்களுக்குப் பிறகு. மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டே கீழே இறங்கினார். என்னால் சிரிக்க முடியவில்லை. நான் ஏன் அதை யோசிக்கவில்லை என்று உள்ளங்கை மறுபடி வியர்க்கத் தொடங்கியிருந்தது. மணிக்கட்டில் பட்டையைக் கட்டிக்கொண்டு போர்டின் முன் உட்கார்ந்தேன்.